அறை ஒலிக்காக நின்ற ஒரு நிமிடம்

காலை ஆறு பத்து. தூத்துக்குடியில் கடலை ஒட்டிய ஒரு தெரு. முதலில் கண்ணில் பட்டது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மாலை போட்ட ஒரு மனிதரின் படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. படத்தில் இருந்தவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தன் படம் கண்ணில் படாதபடி அவர் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டிருந்தார்.

அவர் நடிகர். நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த சினிமாவில் கதாநாயகியின் கணவராக வந்து ஆரம்பத்திலேயே இறந்துவிடுகிறவர்.

உதவி இயக்குநர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஷாட் பிரிப்பதையும் கால்ஷீட் போடுவதையும் சொல்லித்தர என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் செய்தித்தாளில் பல வருடங்கள் நிருபராக இருந்துவிட்டு, பிறகு சினிமாவுக்கு வந்தவன். கதையில் வரும் கோர்ட்டும் போலீஸ் ஸ்டேஷனும் அரசாங்க அலுவலகமும் நிஜத்தில் இருப்பதுபோல இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஓய்வு பெறும்வரை அந்த வேலைக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. ஒரு படத்தின் டைட்டிலில் ‘கள ஆய்வு’ என்று போட்டார்கள். இன்னொன்றில் ‘நன்றி’ என்று போட்டார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

அது ஓர் அரசியல் த்ரில்லர். துறைமுக நகரம். சரக்கு கையாளும் ஒரு பெரிய நிறுவனம். அதில் ரகசியப் பங்குதாரராக ஓர் அமைச்சர். நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறியாளர் வேலையில் இறந்துபோகிறார். அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று நிறுவனம் சொல்கிறது. மனைவி நம்பவில்லை. கடைசியில் நிறுவனத்தின் தலைமை அதிகாரியைப் பேச வைத்து, மறைத்து வைத்த செல்போனில் அதைப் பதிவுசெய்து, அமைச்சர்வரை வீழ்த்துகிறாள். கதை கேட்டபோது எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கடைசிக் காட்சி மட்டும் கொஞ்சம் சுலபமாக முடிந்துவிடுகிறதோ என்று தோன்றியது. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

கதாநாயகியின் வீடாக நாங்கள் வாடகைக்கு எடுத்தது ஸ்டெல்லா என்பவரின் வீட்டை. இரண்டு அறை. முன் அறை ஜன்னலில் நின்றால் துறைமுகத்தின் கிரேன்கள் வரிசையாகத் தெரியும். எங்கள் தயாரிப்பு மேலாளர் அந்த ஜன்னலுக்காகத்தான் வீட்டைப் பிடித்தார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. ஸ்டெல்லாவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். இறால் ஏற்றுமதி செய்யும் இடத்தில் தரம் பிரிக்கும் வேலை. ஷூட்டிங் நாட்களுக்கு லீவு போட்டிருந்தார். ஷாட் நடக்கும்போது பக்கத்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். முடிந்ததும் வந்துவிடலாம்.

அன்று காலை அவர்தான் முதலில் பேச்சுக் கொடுத்தார்.

“அண்ணாச்சி, நேத்து அந்தாளப் பெட்டியில வச்சு எல்லாரும் அழுதீக. முடிஞ்ச ஒடனே அவரு எந்திரிச்சு உக்காந்து கேமராவப் பாத்துச் சிரிச்சாரே, அது எதுக்கு? அதுவும் படத்துல வருமா?”

“வராது. செத்தவரா நடிச்சவர் கடைசியாச் செத்த மாதிரியே பதிவாகிடக் கூடாது. அதனால சிரிக்கிற மாதிரி ஒரு ஷாட் எடுத்து வைப்பாங்க.”

“யாரு ஆரம்பிச்சா இத?”

“நானும் பல பேர்ட்ட கேட்டுப் பாத்துட்டேன். யாருக்கும் தெரியல.”

“தெரியாமலா இத்தன பேரும் செய்யுதீக?”

“ஆமா.”

“எங்க கோயில்லயும் பாதி அப்பிடித்தான்” என்றார் ஸ்டெல்லா.

பேசிக்கொண்டே அவர் முன் அறைச் சுவரில் இருந்த ஒரு படத்தைக் கழற்றினார். எங்கள் படத்தை அந்த ஆணியில் மாட்ட வேண்டியிருந்தது. அவர் கழற்றியது கல்யாணக் கோட்டுப் போட்ட ஒரு இளைஞரின் படம். கண்ணாடியில் தூசி இல்லை. மாலையும் இல்லை. ஒரு துண்டில் சுற்றி பீரோவின் மேல் வைத்தார். அது அவருடைய கணவர் லூர்து. நிருபர் புத்தி, விசாரித்தேன். அவர் மறைக்கவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம் என்றார்.

லூர்து முதலில் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போனவர். பிறகு ஒரு கம்பெனியின் லாஞ்சில் வேலைக்குச் சேர்ந்தார். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோகும் படகு. ஆடிக் காற்று அடித்த ஒரு நாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவர் அன்று படகுத்துறை வாசல்வரை வந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. லாஞ்சில் ஏறியதைப் பார்த்ததாகச் சொல்ல யாரும் இல்லை. ‘அவர் அன்று ஏறவேயில்லை, எங்கோ போய்விட்டார்’ என்றது கம்பெனி. ஏறவில்லை என்றால் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை.

“நல்லா நீந்துற ஆளு எப்பிடிச் சாவான்னு கேக்காங்க. நீச்சத் தெரிஞ்சவன் சாவ மாட்டான்னா இந்தக் கரையில கல்லறைக்கே எடம் தேவப்பட்டிருக்காது.”

திருநெல்வேலியில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. விசாரணையில் கம்பெனி வக்கீல் ஸ்டெல்லாவிடம் கேட்ட கேள்வி ஒன்று: “வீட்டில் உங்கள் கணவர் படத்துக்கு மாலை போட்டிருக்கிறீர்களா?” இல்லை என்றார். “இறந்துவிட்டார் என்கிறீர்கள், மாலை போடவில்லை. அப்படியானால் நீங்களே நம்பவில்லை, அப்படித்தானே?” இதற்குப் பிறகு ஸ்டெல்லாவின் வக்கீல், வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு மாலையை வாங்கிப் போடச் சொல்லியிருக்கிறார்.

“போட வேண்டியதுதானே?” என்றேன்.

“கேஸுக்காகப் போடுத மாலைய அவரு கழுத்துல போடவா?” என்றார். பிறகு, கோபம் இல்லாமல், “அன்னைக்கு அவரு ஏறினாருன்னு பாத்தவன் வாயால சொல்லட்டும். அதுக்குப் பொறகு நானே வாங்கிட்டு வந்து போடுதேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

பார்த்தவன் யார் என்று கேட்டேன். லாஞ்சில் அன்று இருந்தவர்கள் இரண்டு பேர். ஓட்டியவர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். இன்னொருவர் மேற்பார்வையாளர் செல்வின்.

“இந்தத் தெருவுல வளந்த பய. எங்க கல்யாணத்துல பந்தி பூரா அவந்தான் பரிமாறினான். என்னைய மைனி மைனின்னு கூப்பிட்டு வாய் ஓயாது. இப்ப இந்தத் தெருவுக்கே வாரதில்ல. கோயிலுக்குக்கூட பின்னால சுத்திப் போறான்.”

நான் இதை இயக்குநரிடம் சொன்னேன். அவர் அடுத்த ஷாட்டுக்கான வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே “பாவம்” என்றார். பிறகு, “நம்ம கதை மாதிரியே இருக்கே சார்” என்றார். இன்னொன்றையும் சொன்னேன். மறுநாள் கடலில் எடுக்கவிருந்த காட்சிக்கு எங்களுக்கு லாஞ்ச் கொடுப்பது அதே கம்பெனி. இது மேலாளருக்குத் தெரிந்திருந்தது. “வேற யார்ட்டயும் லாஞ்ச் இல்ல சார், நான் என்ன பண்ண?” என்றார். கம்பெனிகளின் ஊழலைப் பற்றிய படத்தை அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் நடிகருக்கு வேலை முடிந்தது. கிளம்பும்போது ஒரு நிபந்தனை போட்டார். மாலையோடு தன் படம் அந்தச் சுவரில் இனி ஒரு நொடிகூட இருக்கக் கூடாது. படத்தையும் தானே கொண்டுபோய்விடுவார். கலை இயக்குநரின் உதவியாளர் முத்துராஜ் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் படத்தைக் கொடுத்தான். முத்துராஜ் கயத்தாற்றுப் பையன், வேலையில் சுறுசுறுப்பு. எதற்கும் இரண்டாவது முறை கேள்வி கேட்க மாட்டான்.

கார் கிளம்பிப் போன பிறகு இயக்குநருக்கு இன்னொரு ஷாட் தோன்றியது. ஜன்னலுக்கு வெளியே கேமரா. உள்ளே கதாநாயகி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் சுவர்.

“முத்து, சுவர் மொட்டையா இருக்கு. போட்டோ எங்க?”

“அவர் கொண்டுபோய்ட்டார் சார்.”

“ஏதாவது பண்ணு. மாலை மட்டும் தெரிஞ்சாப் போதும். அவுட் ஆஃப் ஃபோகஸ்தான்.”

நான் அப்போது தெருவில் இருந்தேன். முத்துராஜ் செய்தது அவனுடைய வேலையில் எவனும் செய்யக்கூடியதுதான். பீரோ மேல் அதே அளவில் ஒரு படம் இருந்தது. தனியாக வாழும் பெண்ணின் வீட்டில் ஓர் ஆணின் படம். சினிமாவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். துண்டைப் பிரித்து, லூர்துவின் படத்துக்கு மாலையைப் போட்டு மாட்டிவிட்டான். ஷாட் எடுத்து முடித்தார்கள். நான் உள்ளே வந்தபோதுதான் சுவரைப் பார்த்தேன். அவனைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் ஒலிப்பதிவாளர் கையை உயர்த்திவிட்டார்.

அறை ஒலி எடுக்கப்போகிறார் என்று அர்த்தம்; அது உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். வெளியாட்களுக்குத் தெரியாது என்பதால் விளக்குகிறேன். ஓர் இடத்தில் வேலை முடிந்ததும், யாரும் பேசாத நேரத்தில் அந்த அறை எப்படி ஒலிக்கிறது என்பதை ஒரு நிமிடம் பதிவுசெய்துகொள்வார்கள். வசனங்களுக்கு நடுவே இடைவெளியை நிரப்பப் பயன்படும். அந்த ஒரு நிமிடம் யாரும் அசையக் கூடாது. இருமக் கூடாது. லைட்மேன் தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு நிற்பார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பெரும்பாலும் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள்.

அப்படித்தான் நின்றோம். வெள்ளைச் சேலையில் கதாநாயகி. அவரைச் சுற்றி இயக்குநர், கேமராமேன், லைட்மேன்கள், முத்துராஜ், நான். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒலிப்பதிவாளர் கண்களை மூடியிருந்தார். சுவரில் மாலையோடு லூர்து.

வாசலில் ஒருவர் வந்து நின்றார். முப்பது வயது தாண்டியவர், கம்பெனிச் சட்டை, கையில் ஹெல்மெட். மறுநாள் லாஞ்ச் கிளம்பும் நேரத்தைப் பேசிக்கொள்ள மேலாளர் அவரை வரச் சொல்லியிருந்தார். ‘டைரக்டர் உள்ளே இருக்கிறார், போங்கள்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். எந்த வீட்டுக்கு என்பதை வந்து பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டிருக்கிறார். அது செல்வின்.

அவருடைய இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். நெடுநாள் தவிர்த்த வீடு. உள்ளே ஒரு கூட்டம் தலைகுனிந்து மௌனமாக நிற்கிறது. சுவரில் மாலை போட்ட படம். அவர் செருப்பைக் கழற்றினார். ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். உள்ளே வந்து படத்துக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

சற்று முன் ‘கட்’ என்ற சத்தம் கேட்டதால் ஷாட் முடிந்தது என்று நினைத்து, ஸ்டெல்லா பின்வாசல் வழியாக வந்தார். படத்தைப் பார்த்தார். செல்வினைப் பார்த்தார். அவர் ஏதோ கேட்க வருமுன் செல்வின் பேசத் தொடங்கிவிட்டார். துக்க வீட்டில் பேசும் சின்னக் குரல்.

“நல்ல காரியம் செஞ்சீங்க மைனி. எத்தன நாளுக்குத்தான் அப்பிடியே வச்சிருக்க? இனியாவது அண்ணன் பேருல ஒரு பூசை வைக்கலாம்.” படத்தை நிமிர்ந்து பார்த்தார். “நான் அப்பவே சொன்னேன் மைனி. அலை தூக்கி அடிக்கி, முன்னால போய் நிக்காதீங்க, கயித்த நான் பாத்துக்கிடுதேன்னு. கேக்கல. நீ புதுசா கல்யாணம் கட்டினவன், பின்னால இருலேன்னு சொல்லிட்டுப் போனாரு.”

ஸ்டெல்லா ஓர் அடி முன்னால் வந்தார்.

“எங்க நின்னாரு?” என்று கேட்டார்.

“முன்னால, அணியத்துக்கு…”

அங்கே நிறுத்திவிட்டார்.  ஜன்னல் வழியே துறைமுகத்தில் ஏதோ லாரியைப் பின்னால் எடுக்கும் ஒலி வந்துகொண்டிருந்தது.

செல்வின் பேசத் தொடங்கியபோது நான் குறுக்கிட்டிருக்கலாம். இது துக்கம் இல்லை, ஷூட்டிங் என்று சொல்லியிருக்கலாம். செய்தித்தாளில் பழகிய காது, ஆள் பேசும்போது குறுக்கே போகாது. அது சரிதானா என்பதை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

“ஓகே, தேங்க்யூ” என்றார் ஒலிப்பதிவாளர். கண்ணைத் திறந்திருந்தார். உடனே பத்துப் பேர் ஒன்றாக இருமினார்கள். லைட்மேன் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். கதாநாயகி தண்ணீர் கேட்டார். ஒரே நொடியில் துக்க வீடு ஷூட்டிங் வீடானது. செல்வின் ஒவ்வொருவராகப் பார்த்தார். தலைக்கு மேலே கம்பில் கட்டித் தொங்கிய மைக்கைப் பார்த்தார். ஹெல்மெட்டை எடுக்காமலே வெளியே போனார்.

ஸ்டெல்லா ஸ்டூல் போட்டு ஏறி மாலையைக் கழற்றினார்.

“யாரு போட்டது?”

“நாந்தான்க்கா” என்றான் முத்துராஜ். “அவுட் ஆஃப் ஃபோகஸ்ல யாரா இருந்தாலும்…” 

“இந்தா, உங்க சாமான்” என்று மாலையை அவன் கையில் கொடுத்துவிட்டு, படத்தைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

எங்கள் யூனிட் வேனுக்குப் பக்கத்தில் உடனே ஒரு கூட்டம் கூடியது. மேலாளர், இயக்குநர், ஒலிப்பதிவாளர், நான்.

“அழிச்சிருங்க” என்றார் மேலாளர். “நாளைக்கு லாஞ்ச் வரணும். பதிவாகியிருக்குன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா ஒரு மரக்கட்டைகூட வராது.”

“அழிக்கிறதா? நான் ஆறு மாசம் உக்காந்து எழுதினாலும் இப்படி ஒரு சீன் வராது” என்றார் இயக்குநர். “அந்தக் குரலை அப்படியே படத்துல வைக்கலாம். ஆளைக் காட்ட வேண்டாம்.”

ஒலிப்பதிவாளர் மட்டும், “அந்த அம்மாட்ட ஒரு காப்பி கொடுத்துரலாம் சார். கோர்ட்ல கொடுப்பாங்க” என்றார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நிஜத்தில் இப்படித்தான் இருக்குமா என்று கேட்கத்தானே என்னை வைத்திருந்தார்கள்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அந்த மூன்று யோசனைகளிலும் செல்வின் இல்லை. ஒருவர் அவருடைய வார்த்தையை அழிக்கப் பார்த்தார், ஒருவர் படத்தில் வைக்கப் பார்த்தார், ஒருவர் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். பேசியவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. செய்தித்தாளில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தான் யாரிடம், எதற்குப் பேசுகிறோம் என்று தெரியாமல் ஒருவர் சொல்லிவிட்டால், அதை எழுதுவதற்கு முன் நேரே போய், நான் இன்னார், நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், மறுபடி சொல்வீர்களா என்று கேட்க வேண்டும். பாதிப் பேர் மறுப்பார்கள். செய்தி போய்விடும். மறுக்காத மீதிப் பேர் சொன்னதுதான் நிற்கும்.

“எதுவும் செய்யாதீங்க. மெமரி கார்டை எடுத்துப் பூட்டி வைங்க. நான் போய்ப் பேசிட்டு வரேன்” என்றேன்.

“அவர் நேரா கம்பெனிக்குப் போன் பண்ணிருவார் சார்” என்றார் மேலாளர்.

“பண்ணலாம்.”

செல்வின் தெருக்கோடியில், கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் யார் என்று சொன்னேன். மாலையை ஸ்டெல்லா போடவில்லை, எங்கள் பையன் தெரியாமல் போட்டது என்று சொன்னேன். அந்த நேரத்தில் மைக் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சொன்னேன்.

அவர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ மைனி இன்னும் போடலியா?”

“போடல.”

“அது தெரிஞ்சிருந்தா நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன் அண்ணாச்சி.”

“தெரியும். அதனாலதான் சொல்ல வந்தேன்.”

“மிஷின்ல இருக்கத அழிச்சிருவீங்களா?”

“அழிக்கவும் மாட்டோம். கோர்ட்டு கேட்டாலொழிய யாருக்கும் கொடுக்கவும் மாட்டோம். உங்களுக்குத் தெரியாம எடுத்தது.”

அவருக்கு இது புரியவில்லை. என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். எதற்காக வந்திருக்கிறான் இந்த ஆள் என்று யோசித்திருப்பார்.

“போலீஸ்ல ‘அவரு வரல’ன்னு சொன்னது நாந்தான். மொத நாளே சொல்லிட்டேன். கம்பெனில சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். இப்பப் போய் மாத்திச் சொன்னா நான் பொய் சொன்னவன்னு ஆயிருமே.”

“ரெண்டுல ஒரு எடத்துல நீங்க பொய் சொன்னவர்தான் செல்வின். எந்த எடம்ங்கிறது மட்டும்தான் உங்க கையில இருக்கு.”

ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். பிறகு, “அண்ணாச்சிக்கு என்ன, ஷூட்டிங் முடிஞ்சா மெட்ராசுக்கு ரயில் ஏறிருவீக” என்றார்.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆமாம் என்றேன்.

திரும்பி வந்தபோது ஸ்டெல்லா சமையலறையில் எங்கள் ஆட்கள் குடித்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். செல்வினிடம் சொன்னது எல்லாவற்றையும் அவரிடமும் சொன்னேன். பதிவு இருக்கிறது, வேண்டுமென்றால் வக்கீல் மூலம் கோர்ட் வழியாக முறைப்படி வாங்கிக்கொள்ளலாம், அதுவரை பத்திரமாக இருக்கும் என்றேன்.

“நீங்க போய் அவன்ட்ட மைக் ஓடுச்சுன்னு சொல்லிட்டீகளா?”

“சொல்லிட்டேன்.”

“அவன் உசாராயிட்டான்னா?”

“ஆகலாம். உங்களுக்குக் கோபம்னா திட்டுங்க.”

அவர் திட்டவில்லை. ஒரு டம்ளரை இரண்டு தடவை கழுவினார்.

“மிஷின்ல இருக்கத நான் கேக்க மாட்டேன் அண்ணாச்சி. ஜட்ஜு முன்னால மிஷினு பேசினா, அவன் தலையக் குனிஞ்சிட்டு உக்காந்திருப்பான். அவன் நிமிந்து நின்னு சொல்லணும். லூர்து அண்ணன் ஏறினாருன்னு.” கையைத் துடைத்துக்கொண்டார். “முன்னால நின்னிருக்காரு. அது எனக்குத் தெரியாது இதுவர. நான் எப்பவும் பின்னால உக்காந்திருக்க மாதிரியேதான் நெனச்சேன்.”

மறுநாள் விடிந்து வெகுநேரம் ஆகியும் லாஞ்ச் வரவில்லை. மேலாளர் போன் செய்தார். கம்பெனியில், இயந்திரக் கோளாறு என்றார்கள். இரண்டு லாஞ்சிலுமா என்று கேட்டதற்கு, ஆமாம் என்றார்கள். செல்வின் சொன்னாரா, வேறு யாராவது சொன்னார்களா, நிஜமாகவே கோளாறா என்பது எனக்குத் தெரியாது. மேலாளர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. கடல் காட்சியைக் கரையிலிருந்தே எடுத்தோம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இயக்குநரிடம் ஒன்று கேட்டேன். கடைசிக் காட்சியில் கதாநாயகி போனை ஒளித்து வைக்க வேண்டாம், மேசை மேல் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துவிட்டு, அந்த அதிகாரியை அதற்குப் பிறகு பேச வைக்க முடியுமா என்று. அவர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தார். “வரல சார். அப்படிக் கேட்டா எவன் பேசுவான்?” என்றார். நியாயமான கேள்வி. படத்தில் அவள் போனை மறைத்துத்தான் வைக்கிறாள். தியேட்டரில் அந்த இடத்தில் நன்றாகக் கைதட்டினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். செல்வினின் குரல் படத்தில் இல்லை. அந்த வீட்டுக் காட்சியில் வேறு ஒரு வீட்டின் அறை ஒலியைப் போட்டு நிரப்பினார்கள்.

அன்று நான் செய்தது ஸ்டெல்லாவுக்கு நல்லதா கெட்டதா என்று எனக்குப் பல மாதங்கள் தெரியவில்லை. உங்களுக்கும் வேலையில் அப்படித்தான் இருக்கும். முடிவெடுக்க ஒரு நிமிடம் கிடைக்கும். அது சரியா என்று தெரிய ஒரு வருடம் ஆகலாம், தெரியாமலே போகலாம். கையில் கிடைத்த ஒன்று யாருடையது என்று அந்த ஒரு நிமிடத்தில் கேட்டுக்கொள்ள முடிந்தால், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அடுத்த விசாரணைக்கு ஸ்டெல்லா என்னை வரச் சொல்லவில்லை. நானாகப் போனேன். திருநெல்வேலியில், கோர்ட் வாசல் மரத்தடியில் கம்பெனியின் வேன் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. கம்பெனித் தரப்புச் சாட்சியான செல்வின் அதில் வரவில்லை. தூத்துக்குடி பஸ்ஸில் வந்து இறங்கினார். கம்பெனிச் சட்டை போட்டிருக்கவில்லை. வேனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் கூப்பிட்டார்கள். அவர் கேட்காததுபோல உள்ளே போனார். ஸ்டெல்லா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பெயர் கூப்பிட்டதும் செல்வின் எழுந்து கூண்டில் ஏறினார். லூர்து அன்று லாஞ்சில் ஏறினாரா என்று கேட்டார்கள்.

“ஏறினாருய்யா” என்றார். “என் கையப் பிடிச்சுத்தான் ஏறினாரு.”

வக்கீல்கள் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசினார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

செல்வின் இப்போது கீழவைப்பாரில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார்.